முதல்தர ஃபிட்டர் செல்லக்கண்ணு

சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தாடுவது அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் முறையில்லாத காரியம். ஆகவே ஜாலான் புசார் திடலில் சனிக்கிழமைதோறும் கூட்டம் முண்டியடித்துப் பார்த்த ஆட்டக்காரர்களில் ஒருவர்கூடப் பந்தாட்டத் தொழிலாளி கிடையாது. ஒருவர் துறைமுகத்தில் டிரைவர், ஒருவர் பேங்கில் பியூன், இன்னொருவர் ஏதோ ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். காலாங் ஆற்றோரம் இருந்த ஐஸ் கம்பெனிக்கு இடது ஓரத்தில் ஆடிய செல்லக்கண்ணு, முதல்தர ஃபிட்டர். அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அப்படித்தான் சொன்னது. ஃபிட்டர் வேலை, மாதச் சம்பளம், வேலையில் இருக்கும்வரை கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. பந்து என்ற பேச்சே அதில் இல்லை.

இதில் ஒரு சின்னக் குறை. செல்லக்கண்ணுவுக்கு அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

அதை அவன் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாகத்தான் பட்டறைக்குள் போனான். ஒரு சுத்தியலைக் கையில் எடுத்தான். உடனே நாலு பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது.

"அண்ணே, காலு பத்திரம்!"

ஒருவன் சுத்தியலை வாங்கிக்கொண்டான். ஒருவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். இன்னொருவன் கோப்பி வாங்க ஓடினான். சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, இரும்பு தவறிக் காலில் விழுந்தால் யார் பதில் சொல்வது? அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் வருவான், ஸ்டூலில் உட்கார்ந்து போன வார ஆட்டத்தைப் பற்றிப் பேசுவான், மத்தியானம் ஃபேரர் பார்க்குக்குப் பயிற்சிக்குப் போய்விடுவான். வருஷக்கணக்கில் இப்படியே போனது. பட்டறைக்காரர்கள் அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். தாங்கியே ஒரு மனிதனை ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கிவிடலாம் என்பது அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவனுடைய வேலையைச் செய்தது நூர்தீன். கடையநல்லூர்க்காரன், தினக்கூலி உதவியாள். ஃபிட்டருக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதுதான் அவன் வேலை என்று பெயர். எடுத்துக் கொடுக்க வேண்டிய ஃபிட்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததால், எடுப்பதும் அவன், செய்வதும் அவன். ஐஸ் உறையவைக்கும் அம்மோனியா பம்பில் வால்வு கசிந்தால், கதவைத் திறந்ததுமே மூக்கால் கண்டுபிடித்துவிடுவான். அவனுக்கு ஒப்பந்தமும் கிடையாது, குவார்ட்டர்ஸும் கிடையாது. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகை அறை, அதில் மனைவி ரபியா, இரண்டு பெண் குழந்தைகள்.

நூர்தீனுக்கு இருந்தது ஒரு வாக்குறுதி மட்டும்தான். பட்டறைக்கும் பந்தாட்டக் குழுவுக்கும் சேர்த்து மேஸ்திரியாக இருந்த மண்டோர் பரமசிவம் கொடுத்தது.

"செல்லக்கண்ணு காலு ஓயட்டும்பா. அந்த எடம் ஒனக்குத்தான். நான் சொல்றேன்ல."

நூர்தீன் அந்த வாக்கை நம்பினான். அதே சமயம், செல்லக்கண்ணுவின் கால் ஓயக் கூடாது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்டை கிழியக் கத்தினான். இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருந்தன என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. இருந்தன.

கால் ஓய்ந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் மண்டோர் மறுநாளைக்கான சட்டைகளைப் பங்கு போடுவது வழக்கம். துவைத்து மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எறிவார், ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அன்று பதினோராம் எண் சட்டைக்குச் செல்லக்கண்ணு கையை நீட்டினான். சட்டை அவன் தலைக்கு மேலாகப் போய், ஈப்போவிலிருந்து புதிதாக வந்திருந்த ஆட்டக்காரன் கையில் விழுந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

"முட்டி முன்ன மாதிரி இல்லப்பா ஒனக்கு," என்றார் மண்டோர், கூட்டம் கலைந்த பிறகு. "கமிட்டில பேசியாச்சு. இனிமே நீ பாக்க வந்தாப் போதும்."

"அப்ப என் அக்ரிமெண்டு, அண்ணே?"

வேறு கம்பெனிகளில் குழுவிலிருந்து எடுத்த ஆட்களை என்ன செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். ஒருவன் சட்டி பானையோடு புக்கிட் பாஞ்சாங் கம்பத்துக் கிராமத்தில் மச்சினன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தான். இத்தனைக்கும் அவன் மாநில அணிக்கே ஆடியவன்.

மண்டோர் சிரித்தார். "அக்ரிமெண்டுல எங்கப்பா பந்து இருக்கு? நீ ஃபிட்டரு. ஃபிட்டராவே இரு. ஒன்ன யாரும் போகச் சொல்ல முடியாது."

செல்லக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. அன்று சாயங்காலம் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி முத்தாயி விஷயத்தைக் கேட்டு முதலில் அழுதாள், பிறகு ஒப்பந்தம் நிலைக்கிறது என்று கேட்டுச் சமைத்தாள். குழாய்த் தண்ணீர், மின்சார விளக்கு, ஒழுகாத ஓடு. லோரோங் சந்தில் அத்தாப்பு ஓலைக் குடிசையில் வளர்ந்தவள் அவள். அந்தக் குவார்ட்டர்ஸை அவள் கும்பிடாத குறை. வழக்கம்போல் ஒரு தூக்குச்சட்டியில் கறிக்குழம்பை ஊற்றி ரபியாவுக்கும் கொடுத்தனுப்பினாள். வழக்கம்போல் ரபியாவும் அதை வெறுமனே திருப்பாமல், ஒரு பிடி பேரீச்சம்பழம் போட்டு அனுப்பினாள். அப்போது அவளுக்கு இன்னும் செய்தி தெரியாது.

செய்தி தெரிந்ததும் நூர்தீன் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இடம் காலியாகும் என்றல்லவா அவன் காத்திருந்தான்? கால்தான் ஓய்ந்தது, இடம் ஓயவில்லை. மண்டோரிடம் போய் நின்றான்.

"நான் என்னப்பா பண்றது," என்றார் அவர். "அக்ரிமெண்டு இருக்கே. கொஞ்சம் பொறுத்துக்க."

நூர்தீன் பொறுத்துக்கொண்டான். திங்கட்கிழமை செல்லக்கண்ணு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். நூர்தீன் வைஸில் இரும்பை மாட்டி ராவ ஆரம்பித்தான்.

இப்படியே கொஞ்ச காலம் ஓடியிருக்கும். ஆனால் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். வெள்ளைக்காரர், பந்தாட்டத்தில் துளி அக்கறை இல்லாதவர். தொழிலாளர் சங்கம் வெகுநாளாகத் தரத்துக்கு ஏற்ற சம்பளம் கேட்டுக்கொண்டிருந்தது. சரி, தரம் என்ன என்று பார்த்துவிடுவோம் என்றார் துரை. எல்லா ஃபிட்டர்களுக்கும் ஒரு சோதனை. ஒரு இரும்புத் தகட்டில் சதுர ஓட்டை போட்டு, அதற்குள் அச்சாகப் பொருந்தும் சதுரக் கட்டி ஒன்றை அரத்தால் ராவிச் செய்ய வேண்டும். கட்டியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. தவறினால் ஃபிட்டர் இல்லை, தினக்கூலி. குவார்ட்டர்ஸும் போய்விடும்.

செல்லக்கண்ணு முயலாமல் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒரு துண்டு இரும்பும் அரமும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மிக்கல்லில் வைத்துத் தேய்த்தான். கை கொப்புளித்தது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் உருண்டுகொண்டது. முத்தாயி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தக் கட்டி சதுரமாகவும் இல்லாமல் வட்டமாகவும் இல்லாமல், பாதி கடித்த வெல்லக்கட்டி மாதிரி இருந்தது.

"நூர்தீனத்தான் கேக்கணும்," என்றாள்.

"எந்த மொகத்த வச்சிக்கிட்டுக் கேக்கச் சொல்ற?"

"நீங்க கேக்க வேணாம். நான் போறேன்."

டன்லப் ஸ்திரீட்டு மாடிப்படி இருட்டாகவும் செங்குத்தாகவும் இருக்கும். முத்தாயி ஏறிப் போனபோது ரபியா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள், நூர்தீன் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். முத்தாயி சுற்றி வளைக்கவில்லை. ஒரு தகடும் கட்டியும் செய்துகொடுத்தால் போதும், சோதனையன்று சாப்பாட்டு நேரத்தில் மாற்றி வைத்துவிடலாம், இரும்பு மண்டோர் தருகிறேன் என்றிருக்கிறார் என்றாள்.

ரபியா மிஷினை நிறுத்தினாள்.

"அக்கா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வேலை இவருக்கு வரவேண்டியது. இத்தன வருஷமா செஞ்சது இவரு. இப்ப டெஸ்டுல அண்ணன் தவறுனாத்தான் இவருக்கு வழி. அது ஒங்களுக்கும் தெரியும்."

"தெரியும்மா," என்றாள் முத்தாயி. "தெரிஞ்சுதான் வந்தேன். எனக்கு வேற போக்கிடம் இல்ல."

எனக்கு முத்தாயியின்மேல் கோபம் உண்டு. ஆனால் அந்த ஒரு பதிலை அவள் பொய்யாகச் சொல்லவில்லை.

நூர்தீன் வெகுநேரம் தொப்பியைக் கழற்றி மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான்.

"கப்பற்படைக்காரங்களோட ஃபைனல் ஆடுனோமே, அண்ணி. அண்ணன் அந்த ஓரத்துலேர்ந்து அடிச்சாரே ஒரு கோலு. அன்னிக்கு அவரத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சிராங்கூன் ரோடு வரைக்கும் போனது நான்தான். மழை வேற. இன்னிக்கி நடுரோட்டுல எறக்கி விட்டுட முடியுமா?"

ரபியா எழுந்து சமையல் பக்கம் போய்விட்டாள். தூக்கிக்கொண்டு நடந்தவனுக்குத்தான் பாரம் தெரியும் என்று நினைப்போம். நூர்தீனுக்கு அது பாரமாகவே தெரிந்திருக்கவில்லை.

அவன் செய்தான். பட்டறையில் எல்லாரும் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தான். கட்டியில் நீலச் சாயம் தடவி ஓட்டைக்குள் செருகுவான், எங்கே சாயம் ஒட்டுகிறதோ அங்கே மேடு, அந்த மேட்டில் அரத்தை இரண்டு இழுப்பு இழுப்பான், மறுபடி சாயம். செல்லக்கண்ணு பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் நூர்தீன், சுமாரா இருந்தாலே பாஸ் பண்ணிடுவாங்களாம்," என்றான்.

"இருங்கண்ணே, இந்த மூலைல ஒரு முடி அளவு போகுது."

அந்த முடியளவை அவன் விட்டிருக்கலாம். விடத் தெரியவில்லை. அவன் கையில் சுமாராக ஒன்று வராது. அதுவும் செல்லக்கண்ணு பெயரில் போகிற சாமான்.

சோதனை நாளில் ஃபிட்டர்கள் காலையிலிருந்து ராவினார்கள். துரை தகடுகளில் எந்தக் குறியும் போட்டு வைக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் வெளியே போக, உதவியாள் நூர்தீன் இரும்புத் தூள் கூட்ட உள்ளே தங்கினான். கூட்டி முடித்தபோது செல்லக்கண்ணுவின் மேசையில் வேறு தகடும் வேறு கட்டியும் இருந்தன.

சாயங்காலம் துரை ஒவ்வொரு மேசையாக வந்தார். தகட்டைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். மற்ற ஃபிட்டர்களின் சதுரங்களில் இங்கொரு கீற்று அங்கொரு கீற்று வெளிச்சம் வந்தது. பரவாயில்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். அவர்கள் அத்தனை பேரும் தேறினார்கள். செல்லக்கண்ணுவின் மேசையில் தகட்டைத் தூக்கினார். கட்டியைத் திருப்பிப் போட்டார். இன்னொரு பக்கம் திருப்பினார். நாலு பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டுச் செல்லக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொப்புளம் அழுந்தி அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துரை அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு மண்டோரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மண்டோர் முகம் மாறியது. இரண்டு வார்த்தை மறுத்துப் பேசிப் பார்த்தார், துரை அதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"என்னண்ணே சொன்னாரு?" என்றான் செல்லக்கண்ணு.

"இவ்வளவு நல்ல ஃபிட்டருக்குத் தனியா ஒரு ஹெல்பர் எதுக்குன்னு கேட்டாரு." மண்டோர் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமையோட நூர்தீன நிறுத்தச் சொல்லிட்டாரு."

விளக்குமாற்றோடு நூர்தீன் சுவரோரம் நின்றிருந்தான். அவனுக்குக் கேட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்று பட்டறையில் பிறகு பேசினார்கள். தினக்கூலிக்கு ஒப்பந்தம் கிடையாது, ஆகவே நோட்டீஸும் கிடையாது. ஒப்பந்தம் உள்ளவனைக் குழுவிலிருந்துதான் எடுக்க முடிந்தது. இல்லாதவனை அப்படியே எடுத்துவிடலாம்.

செல்லக்கண்ணு மண்டோரின் அறைக்குப் பின்னாலேயே ஓடினான்.

"நான் தொரைகிட்ட சொல்லிடறேன். இது நான் செஞ்சது இல்லன்னு சொல்லிடறேன்."

"சொல்லு," என்றார் மண்டோர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பொய் சொன்னதுக்கு ஒன்ன நிறுத்துவாரு. செஞ்சு குடுத்ததுக்கு அவன நிறுத்துவாரு. இரும்பு குடுத்ததுக்கு என்ன நிறுத்துவாரு. வெளியிலேர்ந்து எவனோ ஒருத்தன் வந்து ஒன் வீட்டுல குடியிருப்பான். சொல்றதா இருந்தாச் சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் வாசலிலேயே நின்றான். பந்தோடு ஓடும்போது எதிரே நாலு பேர் வந்தாலும் இடதுபக்கம் ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்துவிடுபவன் என்று பெயர் எடுத்தவன். அன்று அவனுக்கு ஒரு சந்தும் கிடைக்கவில்லை.

இல்லை, ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போய் அதை முத்தாயியிடம் சொன்னான்.

"நானே வேலைய விட்டுர்றேன். எடம் காலியானா நூர்தீனக் கூப்பிட்டுத்தானே ஆகணும். அவன விட்டா அந்தப் பம்ப யாருக்குத் தெரியும்?"

முத்தாயி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"கூப்பிடுவாங்கன்னு யாரு சொன்னா? மண்டோரா? அவரு வாக்கு எப்படின்னு நூர்தீனையே போய்க் கேளுங்க." சட்டையை உதறினாள். "அவங்களுக்குத் தலசாய்க்க ஒரு ரூமாவது இருக்கு. இத விட்டா நமக்கு என்ன இருக்கு?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. செல்லக்கண்ணு மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். அவள் தூங்கும்போது எழுந்து போய் ராஜினாமா கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை நூர்தீன் தன் அரங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து, பெரியது சிறியது என்று வரிசையாகச் செல்லக்கண்ணுவின் மேசையில் அடுக்கி வைத்தான். கம்பெனிச் சாமான், எடுத்துப் போக முடியாது.

"வால்வு கசிஞ்சா மொதல்ல அடிப்பக்கத்து நட்டப் பாருங்கண்ணே," என்றான். "மேல கைய வச்சிடாதீங்க."

"நூர்தீன்."

"ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. படகுத்துறைல மூட்ட தூக்கக் கூப்பிட்டிருக்காங்க. போய்ட்டு வரேன்."

அன்று சாயங்காலம் ஆட்டம் இருந்தது. ஈப்போக்காரன் இரண்டு கோல் அடித்தான் என்று சொன்னார்கள். நூர்தீனும் போகவில்லை, செல்லக்கண்ணுவும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்தாயி தூக்குச்சட்டி நிறையக் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு டன்லப் ஸ்திரீட்டுக்குப் போனாள். ரபியா வாங்கி வைத்துக்கொண்டாள். உட்காரச் சொன்னாள், கோப்பி கொடுத்தாள், குழந்தைகளைப் பற்றிப் பேசினாள். புறப்படும்போது சட்டியைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாள். தெருவுக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தாள் முத்தாயி. ஒரு பேரீச்சம்பழம், ஒரு பிடி சீனி, ஒரு துண்டு வெல்லம், எதுவும் இல்லை. முதல் தடவையாக வெறும் சட்டி. மூடியை மூடி, அதைத் தூக்கிக்கொண்டு காலாங் வரைக்கும் நடந்தே வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் அம்மோனியா நாற்றம் அடித்தது. செல்லக்கண்ணுவுக்கே தெரியும் அளவுக்கு அடித்தது. பம்புக்குப் பக்கத்தில் போனான். மற்ற ஃபிட்டர்கள் அவரவர் வைஸில் குனிந்து ராவிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்தார்கள், திரும்பிக்கொண்டார்கள். ஸ்டூல் பழைய இடத்தில் இல்லை, யாரோ சுவரோரம் தள்ளி அதன்மேல் கிரீஸ் டப்பாவை வைத்திருந்தார்கள்.

ஸ்பேனரை எடுத்தான். அடிப்பக்கத்து நட்டு என்று நூர்தீன் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அடிப்பக்கம் இரண்டு நட்டுகள் இருந்தன. ஒன்றைத் திருகினான், அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் அழுத்தினான். ஸ்பேனர் வழுக்கிக் கையைவிட்டு எகிறி, அவன் இடதுகால் பாதத்தின்மேல் விழுந்தது.

வலி உச்சந்தலைக்கு ஏறியது. அவன் கத்தவில்லை. குனிந்து காலைப் பிடிக்கவும் இல்லை. பழக்கம் விடவில்லை, நாலு பக்கத்திலிருந்தும் அந்தச் சத்தம் வரும் என்று அப்படியே நின்று காத்துக்கொண்டிருந்தான். இரும்பு விழுந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும். அரங்களின் சத்தம் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதல்தர ஃபிட்டர் செல்லக்கண்ணு தானே குனிந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.